சோபாப் பட்டறையின் சின்ன மாப்பிள்ளை

சகலை என்கிற உறவைப் பற்றி யாரும் உருப்படியாகப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. மாமியாரைப் பற்றியும் நாத்தனாரைப் பற்றியும் உலகமே வாய் வலிக்கப் பேசுகிறது. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்கள் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, 'நீங்களும் மாட்டிக்கிட்டீங்களா?' என்று கண்ணாலேயே விசாரித்துக்கொள்வது மட்டும் யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு சகலை வாய்த்தார். அவரைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு. அதனால் எனக்குக் குரல் பெரிது, பொறுமை சிறிது. நான் பெண் எடுத்த வீட்டுக்கு அது ரொம்பப் பொருத்தம். அங்கே கீழ்த்தளம் முழுக்க சோபாப் பட்டறை, அதற்கு மேல் இரண்டு மாடியும் குடும்பம். பட்டறையில் ஒரு மூலையில் கம்ப்ரசர் உறுமும். இன்னொரு மூலையில் ஸ்டேப்ளர் துப்பாக்கி படபடவென்று வெடிக்கும். சுவரோரமாகத் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடும். இந்தச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுத்தான் அந்த வீட்டில் ஆறு பிள்ளைகள் வளர்ந்தார்கள். கல்யாணமானதும் மருமகள்கள் வந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள், ஒருவரும் வெளியே போகவில்லை. போனாலும் என்னையும் என் மனைவியையும் போல இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு டாண் என்று வந்து நிற்பார்கள். வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால், என் மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னிக்கா?" என்று திருப்பிக் கேட்பார்.

மாமனார் போன பிறகு பட்டறைக்கும் வீட்டுக்கும் அத்தைதான், அதாவது என் மாமியார்தான், முதலாளி. பெரிய மச்சான் அவருக்குத் தளபதி. நடு மச்சானைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த அம்மாளுக்கு வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. ஒருவர் ஒரு விஷயம் சொன்னால் அதையே இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக ஒலிபரப்புவார். என் மனைவி இந்த வீட்டின் மூத்த பெண். கடைக்குட்டிதான் இந்தக் கதையின் நாயகி, என் கொழுந்தியாள்.

கடைக்குட்டிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பராக்கு. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். வருஷா வருஷம் ஏதாவது ஒரு வாத்தியார், 'வகுப்பில் கவனமே இல்லை' என்று சொல்லி அனுப்புவாராம். அத்தை நேரே போய், "கவனிக்கிற மாதிரி நீங்க ஏதாவது சொல்லணும் சார்" என்று ஒரு பிடி பிடித்துவிட்டு வருவாராம். ஆனால் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வளைவான சோபா முதுகுக்குக்கூட ஒரு சுருக்கம் விழாமல் உறை தைப்பாள். அதைவிட ஆச்சரியம், வீட்டில் நடக்கிற எந்தச் சண்டையிலும் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று அவளிடம் கேட்டால் போதும், ஒரு வார்த்தை விடாமல் சொல்வாள். பராக்குப் பார்க்கிறவளுக்கு இது மட்டும் எப்படித் தெரிகிறது என்று நாங்கள் சிரிப்போமே தவிர, யாரும் யோசித்ததில்லை.

இந்தப் பட்டறைக்குள் ஒரு நாள் கையில் ஒரு நாற்காலியோடு அவர் வந்தார். ஒல்லியான ஆள், கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. காது சோதிக்கிற நிலையத்தில் வேலை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்த்து, காது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். நகரத்திலேயே நிசப்தமான அறையில் வேலை பார்க்கிற மனிதர், நகரத்திலேயே சத்தமான வாசலில் வந்து நின்றார்.

நின்று ஏதோ சொன்னார். பெரிய மச்சான், "என்ன?" என்றார். அவர் மறுபடி சொன்னார். என் மனைவி, "என்னாங்க?" என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், கொஞ்சம் வாயைத் திறந்து பேசுங்க, காசா பணமா?" என்றேன். அப்போது பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து, மிஷினை நிறுத்தாமலேயே பராக்கு குரல் கொடுத்தாள்.

"ஆள் அசைஞ்சா நாற்காலி கிரீச்சுன்னு சத்தம் போடுதாம். ரெக்சின் வேணாமாம். சத்தமே வராத துணியாப் பார்த்துப் போட்டுத் தரணுமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து 'என்ன? என்ன?' என்ற கேள்வியையே கேட்டு வளர்ந்த மனிதர் அவர். அந்த இரைச்சலில் ஒரு பெண் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே புரிந்துகொண்டால் என்ன ஆகும்? கல்யாணம் ஆகும். ஆனது.

கல்யாணமான புதிதில் மேல்மாடி அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். சகலை ஒரே பிள்ளையாக வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் சாப்பிடும்போதுகூடப் பேசிக்கொள்ளாதவர்களாம், கோபத்தில் அல்ல, பழக்கத்தில். இருவரும் காலமான பிறகு இவர் தனியாக இருந்தார். அப்படிப்பட்டவருக்கு எங்கள் வீடு ஒரு பெரிய கண்காட்சி. முகம் சுளிக்க மாட்டார், ஒதுங்க மாட்டார். கூடத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து கண்கொட்டாமல் எல்லாவற்றையும் பார்ப்பார். பிறகு என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்பார்.

"அண்ணே, அந்தச் சண்டை முடிஞ்சிடுச்சா?"

"எந்தச் சண்டை?"

"இப்ப மாடிப்படியில பெரிய மச்சானும் உங்க வீட்லயும்..."

"அது சண்டை இல்ல சகலை. பால் வாங்க யார் போறதுன்னு பேசிக்கிட்டாங்க."

அவர் தலையாட்டிக்கொள்வார். அடுத்த நாள் இன்னொரு கேள்வி வரும். "ஒருத்தர் ஆரம்பிச்ச கதையை இன்னொருத்தர் முடிக்கிறாங்களே, அது யாருக்கு நடந்த கதைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" எனக்கே அதற்குப் பதில் தெரியாது. நான் அந்த வீட்டுக்குள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மச்சானுக்குச் சின்ன வயதில் நடந்ததெல்லாம் இப்போது எனக்கு நடந்ததாகவே நினைவில் இருக்கிறது. பிள்ளைகள் அவருக்கு 'மியூட்டு மாமா' என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, யார் வைத்தது என்று மட்டும் ஆவலாக விசாரித்தார்.

ஆனால் ஆவல் வேறு, தலைவலி வேறு. வேலையில் அவர் காதுதான் அவருக்கு மூலதனம். நாள் முழுக்கக் கம்ப்ரசர் சத்தம் அடங்காமல் காதுக்குள் சுற்றினால் எந்த மனிதரால் தாங்க முடியும்? தன் நிலையத்துக்குப் பக்கத்தில், மரங்கள் நிறைந்த ஒரு தெருவில் வாடகைக்கு வீடு பார்த்தார். அத்தை, "போறவங்களைப் பிடிச்சு வைக்க இது என்ன ஜெயிலா?" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். அந்த வீட்டில் அதுதான் பெரிய துக்கம். சாமான்களைப் பட்டறை வண்டியில் ஏற்றி நானே ஓட்டிக்கொண்டு போய் இறக்கினேன்.

அழகான வீடு. திரைச்சீலைகள், கம்பளம், கதவைச் சாத்தினால் சாத்தியதே தெரியாது. எனக்கு அங்கே இருமக்கூடக் கூச்சமாக இருந்தது.

சில மாதங்கள் போயின. ஒரு விடுமுறை நாள் காலையில் பராக்கு ஒரு பையோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அத்தை ஒன்றும் கேட்காமல் அவளை உட்காரவைத்து டீ கொடுத்தார். என்னைப் பார்த்ததும்தான் உடைந்தாள்.

"அவர் என்கிட்ட பேசறதே இல்ல அத்தான். வேலைக்குப் போறார், வர்றார். நானாப் போய் முகத்தைப் பார்த்துக் கேட்டா ரெண்டு வார்த்தை. இல்லன்னா அதுவும் இல்ல. அந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கறதே அவருக்குத் தெரியல. செவத்துக்கும் எனக்கும் வித்தியாசம் இல்ல."

பெரிய மச்சான் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை. "நாளைக்கே வண்டி எடுத்துட்டுப் போய் அவ சாமானையெல்லாம் ஏத்திட்டு வந்துடறேன். இனிமே இது சரிப்பட்டு வராது" என்றார். மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். பேசாத மனிதரை நம்பலாமா, அன்றைக்கே தெரியாதா, அமுக்குளிகள் எல்லாம் இப்படித்தான். பராக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. என்னதான் அவர் மனசுல இருக்குன்னு என் முன்னாடி சொல்லட்டும். சொல்லிட்டுப் போகட்டும்."

நான் போனேன். சகலை சவரம் செய்யாமல், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உள்ளதைச் சொன்னால், ஒரு பிடி பிடித்துவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நான் பேசாமலா இருக்கேன் அண்ணே?" என்றார். "சாயந்தரம் வந்ததும், 'இன்னிக்கு என்ன பண்ணினே'ன்னு கேப்பேன். அவ அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுட்டு, பதிலே சொல்ல மாட்டா. இன்னொரு தடவை கேப்பேன். அப்புறம் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டுடுவேன். உங்க வீட்டுல அவ்வளவு பேரோட கலகலன்னு இருந்தவளுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். அதை எப்படி வாய்விட்டுக் கேக்கறது?"

அவர் பேசவில்லை என்கிறாள் அவள். அவள் பேசவில்லை என்கிறார் இவர். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். வழியெல்லாம் யார் என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

விடுமுறை நாள் என்பதால் பட்டறையில் ஒரு மிஷினும் ஓடவில்லை. மாடிக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சகலைக்கு நாற்காலி போட்டார்கள், தட்டு வைத்தார்கள், சோறு போட்டார்கள். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் ஒருவரைப் பட்டினி போட்டுக் கோபத்தைக் காட்டும் வழக்கம் கிடையாது, சாப்பிடவைத்துவிட்டுத்தான் கோபிப்பார்கள். பராக்கு அந்தக் கோடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு உறையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சகலை சாப்பிடவில்லை. தட்டில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான வேடிக்கைதான், ஆனால் இந்த முறை நெற்றி சுருங்கியிருந்தது. மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"இப்பவுமா?"

"பெரிய மச்சான் உங்களைக் கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவார்?"

"எப்படின்னா? இருந்த இடத்துலருந்தே கத்துவார். ரெண்டு மாடிக்கும் கேக்கும்."

"அவளைக் கூப்பிடணும்னா?"

பெரிய மச்சான் பராக்கைக் கத்திக் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. காலால் பலகைத் தரையை ஒரு மிதி மிதிப்பார். அவள் திரும்பிப் பார்த்த பிறகுதான் பேசுவார். நான் இதைச் சொன்னதும் சகலையின் கண் விரிந்தது. "உங்க வீட்ல?" என்றார். அந்த நேரத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து எனக்கு, "ரசம் வேணுமா?" என்று உள்ளே இருந்தபடியே ஒரு கத்தல் போட்டாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூடம் முழுக்க நடந்து, ஜன்னல் பக்கம் போய், தங்கை முன்னால் குனிந்து நின்று, "உனக்கு?" என்றாள்.

நானும் அப்போதுதான் பார்க்க ஆரம்பித்தேன். ரேடியோ யாரோ சொன்ன ஒன்றைப் பராக்கு பக்கம் திரும்பி மறுபடி சொன்னார். அவர் எப்போதும் பராக்கு பக்கம் திரும்பித்தான் ஒலிபரப்புவார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு பிள்ளை ஓடிவந்து விளக்கு சுவிட்சை இரண்டு தடவை தட்டியது. அவள் நிமிர்ந்ததும், "கத்தரிக்கோல் எங்கே?" என்று கேட்டது. அத்தை போய் அவள் மோவாயைத் தொட்டு முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "ஒரு வாய் சாப்பிடு" என்றார். இதெல்லாம் தினமும் நடப்பது. கொஞ்சல் என்று நினைத்தோம், பட்டறைப் பழக்கம் என்று நினைத்தோம். ஆனால் வேறு யாருடைய மோவாயையும் அத்தை தொட்டதில்லை.

சகலை எழுந்து கை கழுவினார். கூடத்தைச் சுற்றிக்கொண்டு போய், பராக்கின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் தன் வழக்கமான சின்னக் குரலில் சொன்னார்.

"நீ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியல."

அவள் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு இழை வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள்.

கூடத்தில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரிய மச்சான் பொங்கிவிட்டார். "பார்த்தீங்களா? மனுஷன் இவ்வளவு இறங்கி வந்து சொல்றார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறா. அந்த அளவுக்கு அவ மனசு வெறுத்துப் போச்சு!"

சகலை கையமர்த்தினார். நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்தார். பலகைத் தரையில் அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, அதே குரலில், அதே வார்த்தைகளைச் சொன்னார். பராக்கின் கையிலிருந்து உறை நழுவியது. அழுதாள், கூடவே சிரித்தாள்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன்" என்றார் அவர்.

"எப்போ?"

"இப்பத்தான். உனக்குப் பின்னாடி நின்னு."

அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரேடியோகூட வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் நிலையத்துக்குப் போனோம். அவர்கள் இருவர் மட்டும் போனால் போதும் என்று நான் சொன்னேன், என் பேச்சை அந்த வீட்டில் யார் கேட்டார்கள்? பட்டறை வண்டியில் அத்தனை பேரும் ஏறிக்கொண்டார்கள். நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிஷின், அந்தப் பக்கம் சின்ன அறை. பராக்குக்குப் பயமே இல்லை, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் பேராசை. தான் உறை தைத்த நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். சகலை ஹெட்போன் மாட்டினார், பொத்தானைக் கையில் கொடுத்தார், கதவைச் சாத்தினார்.

உள்ளே போகிற ஒலி எங்கள் பக்கம் ஒரு சின்ன ஸ்பீக்கரிலும் வந்தது. கூ என்றது. நாங்கள் அவள் கையைப் பார்த்தோம். கொஞ்சம் கூட்டினார். கூ. இன்னும் கூட்டினார். எங்களுக்கெல்லாம் தெளிவாகக் கேட்டது. பராக்கு நல்ல பிள்ளையாகப் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, ஆவலோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கூ என்றது. அவள் கண்ணாடி வழியாகப் புன்னகைத்தாள். உதடு அசைந்தது.

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். மெல்லச் சரிந்து, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பெரிய மச்சான் தன் பெரிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒலி நன்றாகக் கூடிய பிறகுதான் அவள் முதல் தடவையாகப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு வெற்றியோடு தலையாட்டினாள்.

முடித்துவிட்டு வெளியே வந்து சகலை பக்குவமாகச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே இருக்கும் குறை. இரண்டு காதும். பெரிய சத்தம் கேட்கும், மெல்லிய பேச்சு கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் அவள் பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டிருக்கிறாள், அது அவளுக்கே தெரியாது. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். டாக்டர் பார்க்க வேண்டும், காது மிஷின் வைத்தால் நிறையக் கேட்கும். அன்றைக்குப் பட்டறை இரைச்சலில் அவர் பேச்சு அவளுக்கு மட்டும் எப்படிப் புரிந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அத்தை அழ ஆரம்பித்தார். "பெத்தவ நான். எனக்குத் தெரியலியே. பராக்குன்னு பேர் வெச்சுச் சிரிச்சேனே. வெளியில யார்கிட்டயாவது சொன்னா காறித் துப்ப மாட்டாங்களா? ஒரு வீடே சேர்ந்து ஒரு பிள்ளையைக் கவனிக்காம விட்டிருக்கோம்."

சகலை அத்தையின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"கவனிக்காம விட்டீங்களா? அத்தை, இந்த அறைக்கு நான் எத்தனையோ பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். இந்த அளவுக்குக் குறை இருக்கறவங்க பெரும்பாலும் ஒதுங்கிப் போயிடுவாங்க. சிரிக்கிற இடத்துல எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாம உக்காந்திருப்பாங்க. கொஞ்ச நாள்ல கேக்கறதையே விட்டுடுவாங்க. இவளைப் பாருங்க. உங்க வீட்டுல ஒரு சண்டையைக்கூட இவ தவறவிடல. மச்சான் தரையை மிதிக்கிறார், அக்கா அடுப்பை விட்டுட்டு வந்து எதிர்ல நிக்கறாங்க, அண்ணி எல்லாத்தையும் இன்னொரு தடவை சொல்றாங்க, பிள்ளைங்க விளக்கைத் தட்டறாங்க. யார் சொல்லிக்கொடுத்தாங்க? யாருமே இல்ல. நான் இதைப் படிச்சு, பரீட்சை எழுதி, இதையே வேலையாப் பார்க்கறவன். என் வீட்டுல அவ தனியா உக்காந்திருந்தா. உங்க வீட்டுல ஒரு நாள்கூடத் தனியா உக்காரல."

இத்தனை காலம் அந்தக் கும்பலைக் கேலி செய்தே காலம் தள்ளியவன் நான். அன்றைக்கு அந்த வீட்டு மாப்பிள்ளை என்று நான்கு பேரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பெரிய மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சகலையின் தோளில் கை போட்டார். அந்தக் கையின் கனத்தில் சகலை ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

பராக்கு மட்டும் அழவில்லை. அவளுக்கு ஆயிரம் கேள்வி. "அப்போ நீங்கல்லாம் திரும்பி நின்னுக்கிட்டே பேசிக்கறீங்களா? இருட்டுலயும் பேசுவீங்களா? நெஜமாவா?" என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டாள். "நான் உங்களுக்கெல்லாம் ஏதோ பழக்கத்துல புரியுதுன்னுல்ல நெனச்சேன்!"

டாக்டர் பார்த்தார், காது மிஷின் வந்தது, பொருத்துகிற நாளும் வந்தது. மறுபடி பட்டறை வண்டி, மறுபடி அத்தனை பேரும். முதலில் யார் குரலை அவள் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சண்டை. இதை உண்மையான சண்டை என்றே சொல்லலாம். தூக்கி வளர்த்தவன் நான் என்றார் பெரிய மச்சான். மூத்தவள் நான் என்றாள் என் மனைவி. ரேடியோ, என்ன சொல்வது என்று ஒத்திகையே பார்த்து வைத்திருந்தார்.

சகலை அவள் காதுகளுக்குப் பின்னால் இரண்டையும் பொருத்தினார். "இப்ப ஓட விடப் போறேன்" என்று எங்களிடம் சைகை காட்டினார். அந்தக் குடும்பம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரிய மச்சான் வாயைத் திறக்கப் போனார். அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாப்பிள்ளை பேசட்டும்" என்றார் அடங்கிய குரலில். "நாம பேசினது எப்படியோ அவளுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. அவர் பேசினதுதான் பாதி வழியிலயே நின்னு போச்சு."

சகலை அவள் முன்னால் வருவதற்காக நகர்ந்தார். பராக்கு கையை நீட்டித் தடுத்தாள். "வேணாம். அங்கேயே நில்லுங்க" என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் அவளுக்குப் பின்னால் நின்றபடியே மிஷினை ஓட விட்டார். வேலையில் எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்விதான் வாயில் வந்தது.

"கேக்குதா?"

மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"கேக்குது" என்றாள். "இப்ப முதல்லருந்து சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"கல்யாணமானதுலருந்து என் முதுகுக்குப் பின்னாடி நீங்க சொன்னதெல்லாம். ஒண்ணு விடாம."

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவள் அலறிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினாள். "ஐயோ, இவ்வளவு சத்தமாவா சிரிப்பீங்க!" அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அத்தை எங்களைக் கோழி விரட்டுவது போலக் கையை ஆட்டி வெளியே தள்ளினார், கதவையும் அவரே சாத்தினார்.

வண்டியில் போய் உட்கார்ந்தோம். வெகு நேரம் ஆயிற்று. தெருவில் வெயில் இறங்கி, எதிர்க் கடையில் விளக்குப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பசி. பட்டறையில் அவசர வேலை ஒன்று பாதியில் கிடந்தது. பெரிய மச்சான் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் இறங்கி, நிலைய வாசலை நோக்கிக் கால் எடுத்து வைத்தார்.

அத்தை வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உள்ள வந்து உக்காருடா. அவர் முதல்லருந்து சொல்லிட்டிருக்கார்."